படத்தின் பின்பக்கம் வெறுமையாக இருக்கலாமா?



சின்னத்திரை நகைச்சுவை நடிகர்களின் கையெழுத்திட்ட படங்களைச் சேர்ப்பது வேலையற்றவர் வேலை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். "சாமி படம் மாட்டும் சுவரில் சிரிப்பு நடிகருக்கு என்ன இடம்?" என்று என் வீட்டிலேயே கேட்கிறார்கள். வெளியூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் கதையில் அந்தப் படங்களுக்கும் ஓர் இடம் உண்டு என்பது என் கருத்து.

ரேணிகுண்டா போன்ற ஜங்ஷன் ஊர்களுக்கு உத்தியோகம் தேடி வந்து, இங்கேயே தங்கிவிட்டவர்கள் நாம். சென்னை சபாவில் ஒரு நாடகம் பார்க்க வேண்டுமென்றால் லீவு கிடைக்க வேண்டும், தங்க இடமும் வேண்டும். 1975-இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் வந்த பிறகு மேடைக் கலைஞர்கள் மெல்ல மெல்ல வீட்டுக் கூடத்துக்கே வந்தார்கள். கிண்டியில் பொறியியல் படித்த கிரேசி மோகனின் வசனமும் எஸ்.வி. சேகரின் 'வண்ணக் கோலங்க'ளும் அப்படி வந்தவைதாம். 1984-இல் 'யே ஜோ ஹை ஜிந்தகி' வந்தபோது, வாரம் ஒரு வேடத்தில் தோன்றிய சதீஷ் ஷாவைப் பார்த்து இந்தி அறியாதவர்களும் சிரித்தார்கள். நம் பிள்ளைகளோ 2001 முதல் 2007 வரை ஜெமினி டி.வி.யில் வந்த 'அம்ருதம்' பார்த்துத் தெலுங்கில் சிரித்து வளர்ந்தார்கள். ஒரே வீட்டில் மூன்று மொழிச் சிரிப்பு!

இதற்கெல்லாம் சாட்சி எங்கே? சினிமாவுக்காவது பிலிம் சுருள் மிஞ்சும். தொலைக்காட்சியில் டேப்பை அழித்து மறுபடி பதிவு செய்வது வழக்கமாக இருந்தது. பி.பி.சி.யின் புகழ்பெற்ற 'டாட்ஸ் ஆர்மி'யிலேயே 1969-இல் ஒளிபரப்பான மூன்று பகுதிகள் இன்றுவரை கிடைக்கவில்லை. கலைஞர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். 'அம்ருதம்' குண்டு ஹனுமந்த ராவ் 2018-இலும், கிரேசி மோகன் 2019-இலும், சதீஷ் ஷா 2025-இலும் மறைந்தார்கள். விமானப்படையில் பணியாற்றி, தலைநகரின் தமிழ் நாடக மேடையில் வளர்ந்து, அந்த ஊர்ப் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட டெல்லி கணேஷும் 2024-இல் போய்விட்டார். வெளியூர்த் தமிழ் மேடை நமக்குத் தந்த கலைஞர் அவர்.

ஆனால் வெறும் கையெழுத்து மட்டும் போதாது. ரயில்வேயில் தண்டவாளத்தின் பக்கவாட்டில் தயாரித்த ஆலை, மாதம், ஆண்டு எல்லாம் பொறித்திருக்கும். ஓவர்ஹால் செய்த தேதியைப் பெட்டியின் மேலேயே எழுதி வைப்போம். தேதியில்லாத வரைபடத்தை யாரும் நம்ப மாட்டார்கள். நம் வீட்டுப் படங்களின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். யார், எந்த ஊர், எந்த நாள், எந்த நிகழ்ச்சி, உடன் யார் இருந்தார்கள் என்று நான்கு வரி பென்சிலால் எழுதி வைத்தால்தான் அது சான்று. இல்லாவிட்டால் பேரப்பிள்ளைகள் பழைய பேப்பரோடு சேர்த்துப் போட்டுவிடுவார்கள்.

விலைக்கு வாங்கும் கையெழுத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. பூதக்கண்ணாடியால் பாருங்கள்: கையெழுத்தே புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது அச்சு. புள்ளியில்லாமல் மை தெரிந்தாலும், எழுதியது நடிகர்தானா, அவருடைய உதவியாளரா என்று யாரால் சொல்ல முடியும்? நேரில் நாலு வார்த்தை பேசி வாங்கிய ஒரு படம், காசு கொடுத்து வாங்கிய நூறு படங்களுக்கு மேல்.

இன்று கைப்பேசியில் செல்ஃபி எடுத்தால் போதும் என்கிறார்கள் இளைஞர்கள். எடுக்கட்டும். ஆனால் அதில் கலைஞரின் கையெழுத்து இல்லையே! அடுத்த முறை ஒரு கலைஞரைச் சந்தித்தால், "ஐயா, தமிழில் கையெழுத்துப் போடுங்கள்" என்று கேளுங்கள். தெலுங்குக் கலைஞரிடம் தெலுங்கில் கேளுங்கள். தமிழ் எழுத்து அறியாமல் இங்கே வளரும் நம் குழந்தை, "தாத்தா, இது என்ன எழுத்து?" என்று கேட்கும். அன்றே அரிச்சுவடியைத் தொடங்கிவிடலாம்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். நம் ஆண்டு விழாவுக்கு வரும் கலைஞர்களிடம் கையெழுத்துப் படம் ஒன்று பெற்று, பின்பக்கக் குறிப்போடு சங்க ஆல்பத்தில் சேருங்கள். உறுப்பினர்கள் வீட்டுப் பெட்டிகளில் தூங்கும் படங்களுக்கு நகல் எடுத்து அதிலேயே வைக்கலாம். குறிப்பு எழுதும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். என் கையெழுத்து இன்னும் தெளிவாகத்தான் இருக்கிறது!