தேய்ந்தது டயர், தீர்ப்பு ஆணவத்துக்கு

வென்றவன் தோற்றால் அதற்கு நம்மிடம் ஒரே ஒரு காரணம்தான் உண்டு: தலைக்கனம். கிரிக்கெட் அணியோ, அரசியல் கட்சியோ, எழுத்தாளரோ, எவராயினும் அதே மூன்று படிகள்தாம். எழுச்சி, செருக்கு, வீழ்ச்சி. காப்பியங்களில் ஊறிய சமூகத்தின் கால்கள் இப்படிகளில் கண்ணை மூடிக்கொண்டே இறங்கும். 2025இல் ஃபெராரி அணி ஒரு கிராண்ட் ப்ரீ வெற்றிகூட இல்லாமல் ஃபார்முலா ஒன் பருவத்தை நான்காம் இடத்தில் முடித்தபோது நாகர்கோவிலில் எங்கள் வாசக நண்பர்களிடையேயும் இதே தீர்ப்புத்தான் வாசிக்கப்பட்டது. தீர்ப்புக்குச் சான்றாக 2005ஆம் ஆண்டு கூண்டில் ஏற்றப்பட்டது. ‘அப்போதும் பட்ட மமதையில்தானே வீழ்ந்தார்கள்’ என்று. அது பொய்ச்சான்று என்பதே எங்கள் தரப்பு.

2004இன் கணக்கு இது. 18 பந்தயங்களில் 15 ஃபெராரிக்கு. அவற்றில் 13 மைக்கேல் ஷூமாக்கருடையவை, 2 ருபென்ஸ் பாரிகெல்லோவுடையவை. 262 புள்ளிகள். 1999 தொடங்கித் தொடர்ச்சியாக ஆறாவது அணிப்பட்டம். 2000 தொடங்கித் தொடர்ச்சியாக ஐந்தாவது ஓட்டுநர் பட்டம். மறு ஆண்டு 19 பந்தயங்கள், ஒரே வெற்றி, சரியாக 100 புள்ளிகள். ரெனோ 191, மெக்லாரன் 182, அதற்குப் பின்னால் மூன்றாமிடத்தில் ஃபெராரி. இத்தாலிய ரசிகர்கள் சிவப்புக் கடலாகத் திரளும் மோன்சாவில் இரு கார்களும் பத்தாவதாகவும் பன்னிரண்டாவதாகவும் வந்தன. ஒரு புள்ளியும் இல்லை.

அணித்தலைவர் ஜான் டோட், தொழில்நுட்ப இயக்குநர் ராஸ் பிரான், ஓட்டுநர்கள் இருவர்: அத்தனை பேரும் முந்தைய ஆண்டில் இருந்தவர்களே. ஆணவம்தான் காரணமென்றால், ஐந்து ஆண்டுப் பட்டங்கள் ஊட்டாத ஆணவத்தை ஒரே ஒரு குளிர்கால விடுமுறை ஊட்டிவிட்டது என்று நம்ப வேண்டியிருக்கும். ஷூமாக்கருக்கு வயதாகிவிட்டது, பசி போய்விட்டது என்று சொன்னவர்களும் உண்டு. இமோலாவில் அவர் பதின்மூன்றாம் இடத்திலிருந்து புறப்பட்டு அலோன்சோவின் முதுகை உரசியபடி இரண்டாவதாக முடித்தது அந்த ஆண்டில்தான். பசி போனவன் அப்படி ஓட்டுவதில்லை.

மாறியது மனம் அல்ல, விதி. 2004 வரை பந்தயத்தின் நடுவே இரண்டு மூன்று முறை பிட்டுக்குள் வந்து புது டயர் மாட்டிக்கொள்ளலாம். 2005இல் அது நிறுத்தப்பட்டது. தகுதிச்சுற்றுக்கும் முழுப் பந்தயத்துக்கும் ஒரே ஜோடனை டயர். பஞ்சரானாலோ சேதமுற்றாலோ மழை வந்தாலோ மட்டுமே மாற்றலாம். ஃபெராரியும் அதன் டயர் நிறுவனமான பிரிட்ஜ்ஸ்டோனும் சேர்ந்து வளர்த்தெடுத்த உத்தி முழுவதும் இருபது சுற்றுகளுக்குள் உயிரைக் கொடுத்துவிட்டுச் செத்துப்போகும் டயரை அடிப்படையாகக் கொண்டது. புதிய விதி கேட்டதோ முந்நூறு கிலோமீட்டர் தாங்கும் டயர். மலேசியாவில் ஷூமாக்கர் ஏழாவது. பாரிகெல்லோ டயர் தேய்ந்து பாதியில் நின்றார். பார்சிலோனாவில் ஷூமாக்கரின் டயர்கள் அடுத்தடுத்து இரண்டு காற்றிழந்தன.

இதை விளங்கிக்கொள்ள எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு ஃபார்முலா ஒன் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஜெயமோகனின் முதல் நாவலுக்கே ‘ரப்பர்’ என்று பெயர்; அதற்கு மேல் இந்த மண்ணுக்கும் அந்தப் பொருளுக்கும் உள்ள உறவை விளக்குவது வீண். கீரிப்பாறைப் பக்கம் விடியுமுன் பால்வெட்டப் போகும் தொழிலாளி, சிரட்டையில் பால் குறைந்தால் மரத்துக்குத் திமிர் ஏறிவிட்டது என்று சொல்வதில்லை. பட்டையைத் தொட்டுப் பார்ப்பார், மழையைக் கேட்பார், இலையுதிர்ந்திருக்கிறதா என்று அண்ணாந்து நோக்குவார். வாசிப்பில் தேர்ந்த நாமோ பட்டையைப் பார்ப்பதற்கு முன்பே மரத்தின் குணத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிவிடுகிறோம். (பந்தய டயரில் பெரும்பகுதி செயற்கை ரப்பர் என்பதை அறிவோம். எடுத்துக்காட்டு அதனால் பழுதாகாது.)

அப்படியானால் ஃபெராரியிடம் குற்றமே இல்லையா? உண்டு, பெரிதாகவே உண்டு. விதி எல்லோருக்கும் பொது. அந்த ஆண்டு மொத்தம் பத்து அணிகள். ஏழு அணிகள் மிச்செலின் டயரில் ஓடின. பிரிட்ஜ்ஸ்டோனிடம் இருந்தவை மூன்றே: ஃபெராரி, ஜோர்டான், மினார்டி. பின்னிரண்டும் பட்டியலின் கடைசி இரு இடங்களில் கிடந்த ஏழை அணிகள். நீண்ட தூரம் ஓடி, டயர் எப்படித் தேய்கிறது என்ற தகவலைச் சேகரித்துத் தரும் வசதி அவற்றுக்கு இல்லை. மிச்செலினுக்கு ஏழு கண்கள் என்றால் பிரிட்ஜ்ஸ்டோனுக்கு ஏறக்குறைய ஒற்றைக்கண். இந்த நிலை வானத்திலிருந்து விழவில்லை. ஒரு டயர் நிறுவனத்தையே தன் காருக்கென வளைத்துக்கொண்டதுதான் ஃபெராரியின் 2004 வெற்றியின் ரகசியம். தன் காருக்கு ஒவ்வாத டயரில் உழல மற்ற அணிகளுக்கு என்ன தலையெழுத்து? ஃபெராரி தயாரித்த எஞ்சினையே விலைக்கு வாங்கி ஓட்டிக்கொண்டிருந்த சௌபர் அணிகூட 2005க்கு மிச்செலினிடம் போய்விட்டது. சோதனை ஓட்டங்களைக் குறைத்துக்கொள்வோம் என்று மற்ற ஒன்பது அணிகளும் உடன்பட்டபோது ஃபெராரி மட்டும் சேரவில்லை. ஃபியோரானோவிலும் முஜெல்லோவிலும் சொந்தத் தடங்கள் இருந்தன, ஓடித் தீர்த்துவிடலாம் என்று கணக்கிட்டது. ஒருவர் தனியே ஓடி ஏழு பேரின் தூரத்தை எட்ட முடியவில்லை. பழைய காரையே திருத்தி முதல் இரு பந்தயங்களுக்கு அனுப்பிவிட்டு, புதிய காரை மூன்றாவது பந்தயமான பஹ்ரைனில் அவசரமாக இறக்கியதும் இந்தக் கணக்கின் தொடர்ச்சியே.

இதை ஆணவம் என்ற சொல்லால் மூடும்போது நடந்தது என்ன என்பதே மறைந்துபோகிறது. பலம் எது என்று கருதினார்களோ அதுவே வேறொரு விதியின்கீழ் பலவீனமாயிற்று. ஒழுக்கவியல் இதற்குள் நுழைய இடமே இல்லை. 2006இல் டயர் மாற்றும் உரிமை திரும்ப வந்தது. அதே அணி 9 பந்தயங்களை வென்றது. அவற்றில் 7 அந்தப் ‘பசி போன’ கிழவருடையவை. ஆணவம் ஓராண்டில் தணிந்துவிட்டதா என்று நண்பர்கள்தாம் சொல்ல வேண்டும்.

இனி அந்த ஒரே வெற்றிக்கு வருவோம், ஏனெனில் அங்கேதான் நம்மவர் ஒருவரும் நிற்கிறார். 2005 ஜூன் 19, இண்டியானாபோலிஸ். சாய்வான பதின்மூன்றாம் வளைவில் மிச்செலின் டயர்கள் தாங்கவில்லை; வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் ரால்ஃப் ஷூமாக்கரின் கார் சுவரில் மோதியது. முழுப் பந்தயத்துக்கும் எங்கள் டயர் பாதுகாப்பானதல்ல என்று மிச்செலினே ஒப்புக்கொண்டது. வேகத்தைக் குறைக்க அந்த வளைவில் ஒரு தடுப்பு நெளிவு அமைக்கலாம் என்றார்கள். ஒன்பது அணிகள் தயார், ஃபெராரி சேரவில்லை, சர்வதேசக் கூட்டமைப்பும் மறுத்தது. விளைவாக 14 கார்கள் முன்னோட்டச் சுற்றோடு பிட்டுக்குள் திரும்பின. மிஞ்சிய ஆறு கார்கள், பணம் கொடுத்து வந்து ஏமாந்த கூட்டம் போத்தல்களை வீசிக்கொண்டிருக்க, 73 சுற்றுகளை ஓடி முடித்தன.

ஃபெராரியின் மறுப்பைத்தான் அன்று பலர் ஆணவத்தின் உச்சம் என்றார்கள். எங்களுக்கு அதில் வெறும் கணக்கே தெரிகிறது. ஆண்டு முழுக்க டயரால் தோற்றவர்கள், டயரால் பிழைத்த ஒரு வாரத்தை விட்டுக்கொடுக்கவில்லை. பிரிட்ஜ்ஸ்டோனுக்குச் சொந்தமான ஃபயர்ஸ்டோன் டயர்கள் சில வாரங்களுக்கு முன்புதான் அதே தடத்தில் இண்டி 500 பந்தயத்தை ஓடியிருந்தன. அந்தத் தரையின் குணம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பெருந்தன்மை இல்லை என்று சொல்லுங்கள், ஏற்கிறோம்.

அந்த ஆறு கார்களில் ஒன்றை ஓட்டியவர் கோயம்புத்தூர்க்காரரான நரேன் கார்த்திகேயன். அவ்வாண்டு ஆஸ்திரேலியப் பந்தயத்தில் ஃபார்முலா ஒன்னில் நுழைந்த முதல் இந்தியர். இண்டியானாபோலிஸில் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். பின்னர் 2011, 2012இல் ஹிஸ்பேனியா அணிக்கு ஓட்டியும் வேறு புள்ளி கிட்டாததால், அவருடைய மொத்தக் கணக்கும் அந்த ஐந்துதான். இருபது ஆண்டுகளாக நம் ஊரில் இதைச் சொல்லும்போதெல்லாம் ஒரு இளிப்பு கூடவே வருகிறது. ‘ஆறு பேர் ஓடிய பந்தயம்தானே?’

ஆம், ஆறு பேர்தான். சக ஓட்டுநர் தியாகோ மான்டெய்ரோ அவருக்கு முன்னால் மூன்றாவதாக முடித்தார் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். நரேனுக்காகப் பரணி பாட எங்களுக்கு எண்ணமில்லை. ஆனால் அதே பந்தயத்தில் ஃபெராரிக்குக் கிடைத்தவை 18 புள்ளிகள். அவற்றைக் கழித்தால் உலகின் மிகப் பணக்கார அணிகளுள் ஒன்றுக்கு மற்ற 18 பந்தயங்களில் மிஞ்சுவது 82. எந்தப் பட்டியலும் கழித்துக் காட்டுவதில்லை. ஷூமாக்கரின் 91 வெற்றிகளை நம் நண்பர்கள் விரல்நுனியில் வைத்திருக்கிறார்கள். அவற்றுள் 84ஆவது, ஆறு கார்கள் ஓடிய அந்த இண்டியானாபோலிஸ் வெற்றி. அதைச் சொல்லும்போது எவரும் இளித்து நாங்கள் பார்த்ததில்லை.