விளையாட்டும் ஒரு முதலீடே

மூன்று வயதில் எழுத்து எழுதாத குழந்தை பின்தங்கிவிடும் என்ற அச்சமே, பெற்றோர் பலரை அங்கன்வாடியிலிருந்து தனியார் எல்கேஜி வகுப்புகளை நோக்கித் தள்ளுகிறது. பொருளியல் பயிற்றுவித்தவன் என்ற முறையில் இதை நான் ஏற்பதற்கில்லை.

அமெரிக்காவின் இப்சிலாந்தி நகரில் 1962-இல் தொடங்கிய பெர்ரி மழலையர் பள்ளி ஆய்வில், 123 ஏழைக் குழந்தைகளுள் 58 பேர் பள்ளியில் சேர்க்கப்பட்டனர். விளையாட்டைக் குழந்தைகளே திட்டமிட்டனர். ஆசிரியர்கள் வாரந்தோறும் வீடு சென்று தாய்மாரையும் இணைத்துக்கொண்டனர். நுண்ணறிவுத் தேர்வில் கிடைத்த முன்னிலை சில ஆண்டுகளில் மறைந்தது. எனினும், 40 வயதில் மற்றவர்களைவிட அவர்களுள் வேலையில் இருந்தோர் அதிகம், கைதானோர் குறைவு. நோபல் அறிஞர் ஜேம்ஸ் ஹெக்மேன் குழுவினர் இம்முதலீட்டின் ஆண்டு ஆதாயத்தை 7 முதல் 10 சதவீதம் எனக் கணித்தனர்.

நிலைத்தவை நன்னடத்தையும் கற்கும் ஆர்வமுமே. வாசலோடு திரும்பும் பெற்றோரை அங்கன்வாடிகள் உள்ளே அழைக்கட்டும். சிலேட்டு சற்றுக் காத்திருக்கலாம்.