சிறுபடக் கருவியும் அதன் விளக்கக் குறிப்பும்

ஒரு கருவி எவ்வளவு செம்மையாக அமைக்கப்பட்டிருப்பினும், அதனைக் கையாளுபவருக்கு அதன் எல்லை தெரியாவிடின் பயனினும் கேடே மிகுதியாக விளையும். மழைமானியுடன் அதனைப் படிக்கும் முறையைக் கூறும் குறிப்பும் சேர்த்து வைக்கப்படுவது இதன்பொருட்டே. ஆயினும், கருவியைக் கையாளுபவர் மனிதராகவே இருப்பார் என்ற நிலை இன்று மாறிவிட்டது. செயற்கை நுண்ணறிவு முகவர் எனப்படும் கணிப்பொறி நிரல்கள், தமக்கு இடப்பட்ட பணிக்கு வேண்டிய கருவிகளைத் தாமே தேர்ந்து இயக்குகின்றன. அவற்றுக்கென எழுதப்படும் குறிப்புகள் பல ஓரிரு சொற்களில் முடிந்துவிடுவது வருந்தத்தக்கது.

2024 நவம்பரில் ஆந்த்ராப்பிக் நிறுவனம் வெளியிட்ட ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டகால்’ என்னும் பொது முறையில், ஒவ்வொரு கருவிக்கும் உரிய பெயர், அதன் பயனைக் கூறும் விளக்கம், அது ஏற்கும் உள்ளீடுகளின் வடிவம் ஆகியவை முகவருக்கு அளிக்கப்படுகின்றன. கருவியின் உள்ளமைப்பை முகவர் பெரும்பாலும் காண்பதில்லை. விளக்கத்தில் எழுதியிருப்பதைக் கொண்டே எப்பொழுது அதனை அழைப்பது, கிடைத்ததற்கு என்ன பொருள் கொள்வது என்று முடிவு செய்கின்றது. ஆகவே அந்தச் சில வரிகளே முகவருக்கு வாய்த்த ஆசிரியர் எனலாம்.

நிழற்படத் தொகுப்பிலிருந்து சிறுபடங்களை எடுத்துத் தரும் கருவியை எடுத்துக்கொள்வோர், முதலில் ஒரு சிறு கணக்கைச் செய்து பார்த்தல் நன்று. 4,000 படப்புள்ளி அகலமும் 3,000 படப்புள்ளி உயரமும் உடைய நிழற்படத்தில் 1 கோடியே 20 இலட்சம் புள்ளிகள் உள்ளன. அதனை 240 புள்ளி அகலமுள்ள சிறுபடமாகக் குறைத்தால் எஞ்சுபவை 43,200 மட்டுமே. அஃதாவது ஏறத்தாழ 278இல் ஒரு பங்கு. நூற்றுக்கணக்கான படங்களிலிருந்து வேண்டியவற்றைத் தெரிந்தெடுக்க இது போதுமானது. விரைவும் சிக்கனமும் உடையது. ஆனால் தெரிந்தெடுத்தல் வேறு, ஆராய்ந்து தீர்மானித்தல் வேறு.

நெற்பயிரில் தோன்றும் குலை நோயும் பழுப்புப் புள்ளி நோயும் இதற்குத் தக்க சான்றாகும். குலை நோயின் புள்ளி இரு முனையும் கூர்ந்து, நடுவில் சாம்பல் நிறம் பெற்றுக் கதிர் வடிவில் இருக்கும். மற்றதன் புள்ளி வட்டமாகவோ நீள்வட்டமாகவோ பழுப்பு நிறத்தில் இருக்கும். 40 செ.மீ. அகலமுள்ள பரப்பு முழுப்படத்தில் அடங்கியிருப்பின், அரை செ.மீ. நீளமுள்ள ஒரு புள்ளி அதில் 50 படப்புள்ளிகளைப் பெறும். சிறுபடத்திலோ மூன்றே மூன்று. முனை கூர்ந்துள்ளதா, மழுங்கியுள்ளதா என்பதை மூன்று படப்புள்ளிகளைக் கொண்டு யாராலும் கூற இயலாது.

இப்பிழை ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. குலை நோய், தழைச்சத்து மிகுந்தால் பெருகும் இயல்புடையது. பழுப்புப் புள்ளி நோயோ சத்துக் குறைந்த நிலங்களில் மிகுதியாகக் காணப்படுவது. உரமிட்டு மண்ணைச் சீராக்குதல் அதற்குரிய பரிகாரங்களுள் ஒன்று. ஒன்றை மற்றொன்றாகக் கொண்டு தழையுரம் இடச் சொல்லுவது நோய்க்கே தீனி போடுவதாகும். 1942இல் வங்காளத்து நெற்பயிரைப் பழுப்புப் புள்ளி நோய் பெரிதும் அழித்ததும், அடுத்த ஆண்டின் பஞ்சத்துக்குக் கூறப்படும் காரணங்களுள் அதுவும் ஒன்றாக இருப்பதும் நினைவுகூரத்தக்கன. மத்திய அரசு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தேசியப் பூச்சிக் கண்காணிப்பு அமைப்பு போன்ற முயற்சிகளால், வயலில் எடுத்த நிழற்படத்தைக் கொண்டு ஆலோசனை பெறும் வழக்கம் பரவி வரும் இக்காலத்தில் இவ்வெச்சரிக்கை இன்றியமையாதது.

“நிழற்படத்தைத் தரும் கருவி” என்று மட்டும் எழுதிவிட்டால், வந்தது முழுப்படம் அன்று என்பதை முகவர் உணர வழியில்லை. “கேட்ட பதிவெண்ணுக்குரிய 240 படப்புள்ளி அகலச் சிறுபடத்தைத் தரும், படங்களைத் தெரிந்தெடுக்க மட்டுமே ஏற்றது, நோயைத் தீர்மானிக்க முழுப்படத்தைப் பெறுக” என்று எழுதின் அக்குறை நீங்கும்.

இன்னும் இரண்டு செய்திகள் குறிப்பில் இடம்பெறல் வேண்டும். முதலாவது, படம் கிடைக்காத நிலை. அப்படி ஒரு படமே தொகுப்பில் இல்லை, படம் உண்டு ஆனால் பார்க்க அனுமதி இல்லை, இணைப்புத் தடைப்பட்டது என்னும் மூன்றும் வெவ்வேறானவை. மூன்றுக்கும் வெறும் வெற்றிடத்தையே விடையாகத் தரும் கருவி, “அவ்வட்டாரத்தில் நோய் இல்லை” என்று முகவர் அறிக்கை எழுத இடம் தருகின்றது. இரண்டாவது, சிறுபடத்தின் பிறப்பு. கேமராக்கள் பலவும் படக்கோப்பினுள்ளேயே ஒரு சிறுபடத்தைப் பதித்து வைக்கின்றன. பின்னர் முழுப்படத்தின் ஒரு பகுதியை வெட்டி நீக்கினாலும், சில மென்பொருள்கள் உட்பொதிந்த சிறுபடத்தை மாற்றாது விட்டுவிடுகின்றன. மறைக்க எண்ணிய உழவரின் முகம் அதில் எஞ்சியிருக்கக் கூடும். கருவி தருவது பழைய சிறுபடமா, புதிதாக ஆக்கியதா என்பதைக் கூறுதல் அக்காரணத்தால் கடமையாகின்றது.

குறிப்பு நீண்டால் முகவரின் அளவுபட்ட நினைவிடத்தை அடைத்துக்கொள்ளும் என்று சிலர் மறுப்பர். அது மெய்யே. ஆனால் அதனாற் குறைக்க வேண்டுவது புகழுரையையும் கூறியது கூறலையுமே அன்றி, எல்லைகளை அன்று. மேலே காட்டிய குறிப்பு ஒரே வரியில் அடங்குகின்றது. இயந்திரம் தானே அறிந்துகொள்ளும் என்பாரும் உளர். படத்தில் இல்லாத புள்ளிகளை எந்த அறிவும் மீட்டுத் தர முடியாது. ஊகித்து நிரப்பலாம், ஊகம் சான்றாகாது.

இக்குறிப்புகளை எழுதும் பொறுப்பு நிரல் எழுதுவோருக்கு மட்டும் உரியதன்று. எப்புள்ளியை எவ்வளவு தொலைவிலிருந்து அடையாளம் காணலாம் என்பதை அறிந்தவர் களத்தில் நடப்பவரே. கள ஊழியர்கள் வரைவைப் படித்துத் திருத்துதல் வேண்டும். ஆசிரியர்களும் இதனைப் பயிற்சியாக்கலாம்: கருவியைக் காணாத மாணவரிடம் குறிப்பை மட்டும் கொடுத்து, கருவி எதனைத் தரும், எதனைத் தராது என்று சொல்லச் செய்யலாம். மாணவர் தடுமாறும் இடமே குறிப்பைத் திருத்த வேண்டிய இடம்.