கரை உடையுமுன்னே கசியும்

சென்னையிலேயும் பெங்களூருலேயும் இருக்கிற நண்பர்கள் போன் பண்ணினா, மழை எப்படி, வாழைத்தார் என்ன விலைனு விசாரிச்சு முடிச்சதும் அடுத்த கேள்வி இதுதான்: "என்ன அண்ணாச்சி, உங்க ஊர்ப்பக்கம் ஸ்கூல் பசங்க பையிலயே அரிவாள் கொண்டு போறாங்களாமே?"

அந்தக் கேள்வியில பயம் இருக்கு. கூடவே, நல்லவேளை நாம அங்க இல்லைங்கிற ஒரு நிம்மதியும் இருக்கு. அந்த நிம்மதியைப் பத்திக் கடைசியில பேசுறேன். முதல்ல அரிவாளைப் பத்தி.

அரிவாள் எங்க வீட்டுச் சாமான். தாமிரபரணிப் பாசனத்துல விவசாயம் பண்றவன் வீட்டுல கதிர் அறுக்கப் பண்ணரிவாள் இருக்கும், வாழை வெட்ட வெட்டரிவாள் இருக்கும். பனையேறுறவர் வீட்டுல பாளை அரிவாள் இருக்கும். இப்போ நெல் அறுக்க மிஷின் வந்துட்டதால பண்ணரிவாள் இறவாணத்துல துருப்பிடிச்சுக் கிடக்கு. அரிவாள் கையெட்டும் தூரத்துல இருக்கிறதுதான் காரணம்னா எங்க ஊர்ல தினம் ஒரு வெட்டு விழணும். அப்படி விழலை. அதனால கேட்டுல பையைச் சோதிக்கலாம், நாலு மூலையிலயும் கேமரா மாட்டலாம்னு சொல்றவங்ககிட்ட நான் சொல்றது ஒண்ணுதான்: செய்யுங்க, ஆனா அதோட வேலை முடிஞ்சதுன்னு நினைச்சுடாதீங்க.

ஏன்னா நாங்குநேரியில 2023 ஆகஸ்ட் மாசம் அந்தப் பையனை வெட்டினது பள்ளிக்கூடத்துல இல்ல, அவன் வீட்டுல.

விஷயம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பட்டியல் சாதியைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவன். கூடப் படிச்ச ஆதிக்க சாதிப் பையன்கள் கொடுத்த தொந்தரவு தாங்காம பள்ளிக்கூடம் போறதை நிறுத்திட்டான். ஏன் வரலைனு பள்ளிக்கூடத்துல இருந்து விசாரிச்சப்போதான் நடந்தது வெளியே வந்தது. புகார் போச்சு. ராத்திரியே வீடு புகுந்து வெட்டிட்டாங்க. தடுக்க வந்த தங்கச்சிக்கும் வெட்டு. அந்தப் பையன் ஆஸ்பத்திரியில கிடந்து எழுந்து, அடுத்த வருஷப் பரீட்சையில 600-க்கு 469 மார்க் வாங்கினான். பாராட்டாத ஆள் இல்ல.

எனக்கு அந்த மார்க்கை விட மனசுல நிக்கிறது வேற. அவன் பள்ளிக்கூடத்துக்கு வராம இருந்தானே, அந்த நாட்கள். ஒழுங்காப் படிக்கிற பையன் திடீர்னு வராம நின்னா அதுவே ஒரு சேதி. அப்புறம், சொல்லச் சொன்னதும் சொன்னான். சொன்ன அன்னைக்கு ராத்திரி அவனுக்குப் பாதுகாப்பு இல்ல.

எங்க ஊர்க் குளத்துக் கரை ஒருநாளும் சொல்லாமக் கொள்ளாம உடைஞ்சது கிடையாது. முதல்ல வெளிப்பக்கம் ஈரம் தட்டும். நண்டு வளையோ எலி வளையோ இருக்கிற இடத்துல தண்ணி நூல் மாதிரி கசியும். தெளிவாக் கசிஞ்சா இன்னும் நேரம் இருக்குன்னு அர்த்தம். கலங்கலா வந்தா உள்ள மண்ணு கரையுதுன்னு அர்த்தம், உடனே ஆள் கூப்பிடணும். இதை முதல்ல பாக்கிறது பொதுப்பணித்துறை இன்ஜினீயர் இல்ல. மாடு மேய்க்கிறவரும் புல்லறுக்கப் போற பொம்பளைங்களும்தான். அவங்க வந்து சொல்லும்போது "உனக்கு என்ன தெரியும், போ"ன்னு விரட்டுற ஊர்ல கரை உடையும்.

பள்ளிக்கூடமும் இதே கதைதான்.

பையன்கள் கையில சாதிக்கு ஒரு கலர்ல கயிறு கட்டிக்கிட்டு வர்றது எங்க பக்கம் எல்லாருக்கும் தெரியும். 2019-லேயே பள்ளிக்கல்வித் துறை இதைப் பத்திச் சுற்றறிக்கை விட்டது. சிவப்பு, மஞ்சள், பச்சை, காவின்னு கலரோட எழுதியிருந்தது. உடனே ஒரே கூச்சல்: சாமி கயித்தைக் கழட்டச் சொல்லலாமா? திருச்செந்தூர்ல கட்டின கயித்துக்கும் இதுக்கும் வித்தியாசம் அஞ்சாங் கிளாஸ் பிள்ளைக்கே தெரியும். பெரியவங்களுக்கு மட்டும்தான் தெரியாத மாதிரி இருக்கணும். அந்தச் சுற்றறிக்கை அப்படியே அமுங்கிப் போச்சு. நாலு வருஷம் கழிச்சு நாங்குநேரி.

அதுக்கப்புறம் அரசாங்கம் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில ஒருநபர் குழு போட்டது. 2024 ஜூன்ல அறிக்கை கொடுத்தார். கயிறு கூடாது, பள்ளிப் பேர்ல சாதி கூடாது, 500 பிள்ளைகளுக்கு மேல படிக்கிற உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள்ல பிள்ளைங்க பிரச்சினையைக் கேக்க ஒரு நல அலுவலர் வேணும்னு பல பரிந்துரைகள். எனக்கு இதுல முக்கியமாப் பட்டது அந்த நல அலுவலர்தான். பாடம் நடத்தி, விலையில்லா சைக்கிள் கணக்கு எழுதி, ஆன்லைன்ல விவரம் ஏத்தி ஓய்ஞ்சு போற வாத்தியார்கிட்ட "பிள்ளைங்க மனசையும் கவனிங்க"ன்னு சொல்றது சுலபம். கேக்கிறதுக்குன்னே நேரம் உள்ள ஒரு ஆள் வேணும்.

2025 ஏப்ரல்ல பாளையங்கோட்டையில ஒரு தனியார் பள்ளியில எட்டாம் வகுப்புப் பையன் கூடப் படிக்கிறவனை வகுப்புலயே அரிவாளால வெட்டினான். தடுக்கப் போன டீச்சருக்கும் காயம். பென்சில் தகராறுன்னு செய்தி வந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளை பென்சிலுக்குச் சண்டை போடறது சகஜம். அந்தச் சண்டை அரிவாள் வரைக்கும் போறதுக்கு நடுவுல எத்தனை நாள் இருந்திருக்கும், அந்த வகுப்புல எத்தனை பிள்ளைங்களுக்கு அது தெரிஞ்சிருக்கும்? அதை ஒரு பெரிய ஆள்கிட்ட சொல்ல ஒரு வழி இருந்திருக்கணும்.

வெட்டு குத்து மட்டும் இல்ல, விபத்தும் அப்படித்தான். கும்பகோணத்துல 2004 ஜூலை 16-ம் தேதி 94 பிள்ளைங்க தீயில போனாங்க. சமையல் பண்ற இடத்துத் தீ கூரைக்குத் தாவுச்சு. அந்தக் கீத்துக் கூரையும் ஒடுக்கமான மாடிப்படியும் அன்னைக்குக் காலையில முளைச்சதா? 2012-ல சென்னை தாம்பரம் பக்கம் ரெண்டாம் வகுப்புப் படிச்ச பெண் குழந்தை பள்ளி பஸ்ஸோட தளத்துல இருந்த ஓட்டை வழியா ரோட்டுல விழுந்து செத்துப் போச்சு. அந்த ஓட்டையைத் தாண்டித்தானே தினமும் பிள்ளைங்க ஏறி இறங்கியிருக்கும்? 2021 டிசம்பர்ல திருநெல்வேலியில பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிஞ்சு மூணு பையன்கள் செத்தாங்க. ஒவ்வொண்ணுக்கும் அப்புறம் புது விதி வந்தது, ஆய்வு வந்தது. எல்லாம் நல்லதுதான். ஆனா ஓட்டையை தினம் பார்த்தவங்க வாயைத் திறக்கவும், திறந்தா கேக்கவும் அதுக்கு முன்னாடியே ஒரு ஏற்பாடு இருந்திருந்தா?

இதைச் சொன்னா எங்க டீக்கடையில ஒரு பதில் ரெடியா இருக்கும். "அந்தக் காலத்துல வாத்தியார் அடிச்சாரு, ஒழுங்கா இருந்தோம். கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்கன்னு எங்க அப்பா சொல்லிட்டு வந்தாரு. இப்போ அடிக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டாங்க, கெட்டுப்போச்சு."

நானும் அந்தப் பிரம்புக்குத் தப்பாதவன்தான். ஆனா யோசிச்சுப் பாருங்க. அடிபட்டவன் கத்துக்கிட்டது என்ன? பெரியவன் சின்னவனை அடிச்சா விவகாரம் முடிஞ்சிடும்கிறதைத்தான். பயந்த பிள்ளை எதையும் சொல்லாது. எங்களுக்கு வேண்டியது சொல்ற பிள்ளை. அது மட்டுமில்ல, அந்தக் காலத்துல எல்லாரும் ஒரே மாதிரி அடி வாங்கினாங்கன்னு யாரும் கதை விட வேண்டாம். எந்தத் தெருப் பையனுக்கு அடி பலமா விழுந்ததுன்னு எங்க ஊர்ல கேட்டா பதில் சொல்ல ஆள் இருக்கு.

சரி, என்னதான் செய்யலாம்? எனக்குத் தோணறதைச் சொல்றேன்.

முதல்ல, சொல்றதைச் சுலபமாக்கணும். "எழுதிக் கொடு, அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வா"ன்னு ஆரம்பிச்சா பாதிப் பிள்ளைங்க வாயே திறக்காது. அரசுப் பள்ளிகள்ல "மாணவர் மனசு"ன்னு ஒரு பெட்டி வச்சாங்க, நல்ல யோசனை. ஆனா நான் போன ஒரு பள்ளிக்கூடத்துல, பேர் வேண்டாம், புகார்ப் பெட்டி தலைமையாசிரியர் ரூம் வாசல்லயே தொங்குது. யார் சீட்டு போடறாங்கன்னு மொத்தப் பள்ளியும் பாக்கலாம். எவன் போடுவான்?

ரெண்டாவது, சொன்னவனைக் காப்பாத்தணும். புகார் வந்ததும் ரெண்டு பேரையும் எதிர்ல நிறுத்தி "என்னலே, இவன் சொல்றது நிஜமா?"ன்னு விசாரிக்கிறது எங்க பக்கத்து வழக்கம். அதை விட மோசமான விசாரணை கிடையாது. பேர் வெளியே போகக் கூடாது. மிரட்டல் இருந்தா அன்னைக்கே போலீசுக்குச் சொல்லி, அந்தப் பிள்ளை வீட்டுக்கு ராத்திரிக் காவல் இருக்கான்னு பாக்கணும். நாளைக்குப் பாத்துக்கலாம்னு விடுறதுக்கு இது மின்சார பில் இல்ல.

மூணாவது, யாரைக் கேக்கணுமோ அவங்களைக் கேக்கணும். பஸ் கண்டக்டர், சத்துணவு ஆயா, கூட்டிப் பெருக்குற அக்கா, வாசல்ல மிட்டாய் விக்கிற பாட்டி. எங்க ஊர் வழியாப் போற பஸ்ஸோட கண்டக்டர் ஒருநாள் என்கிட்ட சொன்னார்: "அண்ணாச்சி, கடைசி சீட்டுல ஒரு பையனை உக்காரவே விடமாட்டாங்க. ஒரு வாரமா பாக்கேன்." அவர்கிட்ட இதை யாருமே அதுவரைக்கும் கேட்டதில்ல. பள்ளி மேலாண்மைக் குழுன்னு 2009 கல்வி உரிமைச் சட்டத்துல இருக்கு. முக்கால்வாசி உறுப்பினர் பெற்றோர்தான். சுண்ணாம்பு அடிக்கிறதையும் ஆண்டு விழாவையும் பேசுற அந்தக் கூட்டத்துல, "இந்த மாசம் என்ன கசிஞ்சுது?"ன்னு ஒரு கேள்வியைச் சேர்த்தா போதும்.

நாலாவது எங்களுக்கு. எங்க தெருப் பையன்கள் கையிலயும் அந்தக் கயிறு இருக்கு. கோயில் கொடை பேனர்ல அரிவாளோட போட்டோ போட்டு அவன் பேரை அச்சடிக்கிறது வாத்தியார் இல்ல, நாங்க. காசு கொடுக்கிறதும் நாங்க. அதைக் கழட்டச் சொல்ல வேண்டியது வேற சாதி வாத்தியாரோட தலையெழுத்து இல்ல; அவனோட சொந்த மாமனும் சித்தப்பாவும்தான் சொல்லணும். இதை எழுதினதுக்கு எங்க தெருவுல நாலு பேர் முகத்தைத் திருப்பிக்குவாங்க. திருப்பிக்கட்டும்.

இப்போ உங்க நிம்மதிக்கு வர்றேன். நகரத்துல கயிறு இல்லாம இருக்கலாம். வாட்ஸ்அப் குரூப்புல ஒரு பிள்ளையை மட்டும் ஒதுக்கி வச்சிருப்பாங்க. நீங்க வேலை பாக்கிற இடத்திலயும் இதே கதைதான். பத்துப் பேரோ அதுக்கு மேலயோ இருந்தா பாலியல் தொல்லைக்கு உள் புகார்க் குழு வைக்கணும்னு 2013-லேயே சட்டம். குழு இருக்கும், நோட்டீஸ் போர்டுல பேரும் இருக்கும். ஆனா புகார் சொன்ன பொண்ணுக்கு அடுத்த வருஷம் சம்பள உயர்வு என்ன ஆச்சுன்னு அந்த ஆபீசே பாத்துக்கிட்டிருக்கும். அதைப் பாத்துத்தான் அடுத்த பொண்ணு வாயைத் திறக்கிறதா மூடுறதான்னு முடிவு பண்ணும்.

உங்களால முடிஞ்ச ஒண்ணு இருக்கு. பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் "உன்னை யாராவது அடிச்சாங்களா?"ன்னு எல்லாரும் கேக்கிறோம். "உங்க கிளாஸ்ல யாரு தனியாச் சாப்பிடறா? நீ யாரையாவது அழ வச்சியா?"ன்னும் கேளுங்க. வெட்டுப்பட்ட பிள்ளைக்கு அப்பா அம்மா இருக்கிற மாதிரி வெட்டின பிள்ளைக்கும் இருக்காங்க. அவங்ககிட்ட யாரும் இந்தக் கேள்வியைச் சொல்லிக் கொடுக்கலை.

பிள்ளை ஏதாவது சொல்லி, பள்ளிக்கூடம் கேக்கலைனா, குழந்தைகள் உதவிக்கு 1098, பள்ளிக்கல்வித் துறைக்கு 14417. பாலியல் குற்றமா இருந்தா, தெரிஞ்சும் சொல்லாம இருக்கிறதே 2012 போக்சோ சட்டப்படி குற்றம். நம்பரை இப்பவே போன்ல பதிஞ்சு வச்சுக்குங்க.