துணி மடிப்பவருக்கும் ஒரு ஓட்டு



தலித் விடுதலை பேசுகிற பத்திரிகையின் தலையங்கத்தில் புட்பால்காரனுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். அமைப்புக்குள் யார் முடிவெடுப்பது என்ற பேச்சு நம்மிடையே சூடாகியிருக்கிறது. அதற்காகத்தான் பிரேசிலின் நடுக்கள ஆட்டக்காரர் சாக்ரடீஸைக் கூப்பிடுகிறேன்.

1954இல் பிறந்தவர். 1964இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, பயந்துபோன அப்பா தன் புத்தகங்களை எரித்ததைப் பார்த்த பிள்ளை. மருத்துவம் படித்துக்கொண்டே பந்தாடினார். 1978இல் சாவ் பாவ்லோ நகரின் கொரிந்தியன்ஸ் கிளப்புக்கு வந்தார். 1910இல் தொழிலாளர்கள் தொடங்கிய கிளப் அது. ஆனாலும் ஆடுகிறவனுக்கு அங்கே வாய் கிடையாது. மேட்சுக்கு முன்னால் ஆட்டக்காரர்களை அடைத்து வைப்பார்கள்; கல்யாணமாகிப் பிள்ளை குட்டி பெற்றவனையும்தான். ஒப்பந்தம் முடிந்தாலும் கிளப் விடுவித்தால்தான் வேறிடம் போகலாம். நம்ம ஊர்ப் பண்ணையாள் கதைதான். அதை ஒழிக்கும் சட்டம் அந்த நாட்டில் 1998இல்தான் வந்தது.

1982இல் சாக்ரடீஸ், கறுப்பினத் தடுப்பாட்டக்காரர் விளாடிமிர், இளைஞர் காசாகிராந்தே, கிளப் நிர்வாகத்துக்கு வந்த சமூகவியலாளர் அடில்சன் ஆகியோர் சேர்ந்து அந்த வழக்கத்தை உடைத்தார்கள். பயிற்சி நேரம், புது ஆளைச் சேர்ப்பது, அடைத்து வைப்பது எல்லாம் ஓட்டுக்கு வந்தன. பிரேசில் அணியின் கேப்டனுக்கு ஒரு ஓட்டு. ஆட்டக்காரர்களின் துணியைத் துவைத்து மடிப்பவருக்கும் ஒரு ஓட்டு. ரெண்டுக்கும் ஒரே மதிப்பு. 'கொரிந்தியன்ஸ் ஜனநாயகம்' என்று அதற்குப் பேர்.

ஒழுக்கம் கெட்டுப்போகும் என்றார்கள். 1982, 1983 ரெண்டு வருஷமும் மாநிலப் பட்டம் இவர்களுக்குத்தான். இந்த ஏற்பாட்டையே பிடிக்காத கோல்கீப்பர் லெயாவும் 1983 அணியில் ஆடினார்.

1982 நவம்பர் 15 தேர்தலில் ஓட்டுப் போடச் சொல்லி ஜெர்சி முதுகிலேயே எழுதிக்கொண்டு களமிறங்கினார்கள். 1984 ஏப்ரலில் பெருந்திரள் கூட்டத்தில் சாக்ரடீஸ் சொன்னார்: ஜனாதிபதியை மக்களே தேர்ந்தெடுக்கும் திருத்தம் நிறைவேறினால் இத்தாலிக்குப் போகமாட்டேன். 22 ஓட்டுக் குறைந்து திருத்தம் தோற்றது. அவர் பியோரெண்டினாவுக்குப் போய்விட்டார். இன்னொன்று: 1888 வரை அடிமைமுறை இருந்த அந்த நாட்டில், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு 1985 வரை ஓட்டே இல்லை. அவர்களில் பெரும்பாலோர் யார் வம்சம் என்று நமக்கு விளக்க வேண்டியதில்லை.

அவரை நான் சாமியாக்கவில்லை. உலகக் கோப்பை அவருக்குக் கிடைக்கவே இல்லை. 1986இல் பிரான்சுக்கு எதிராக பெனால்டியைத் தவறவிட்டார். குடி உடம்பைத் தின்று, 2011 டிசம்பர் 4இல் 57 வயதில் செத்தார். அதைவிட முக்கியம், அவர் கிளம்பிப்போன பிறகு அந்த ஜனநாயகம் நிற்கவில்லை. ஒரு பெரிய ஆளின் தோளில் ஏறி நிற்பது எதுவும் அவரோடு இறங்கிவிடும்.

1949 நவம்பர் 25இல் அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் எச்சரித்தார்: அரசியலில் ஒருவருக்கு ஒரு ஓட்டு, ஒரு மதிப்பு என்போம், சமூகத்திலும் பொருளாதாரத்திலும் அதை மறுப்போம், இந்த முரணோடு எத்தனை நாள் வாழ்வோம்? அந்தக் கேள்வியை எதிரியின் முகத்தில் வீசுகிறோம், சரிதான். நம் கூட்டத்தில் யாராவது கேட்டால்?

ராத்திரி முழுக்கப் பசை வாளியோடு சுவரொட்டி ஒட்டியவன், மாநாட்டுக்குச் சோறு வடித்த அக்கா, நாற்காலி அடுக்கிய மாணவன், இவர்கள் கையில் எந்த முடிவு இருக்கிறது? தலைவர் நாலு பேரோடு பேசி முடித்ததைக் கைதட்டி வாங்கிக்கொள்வதுதானே நடக்கிறது? "இப்ப நெருக்கடி, அப்புறம் பாத்துக்கலாம்" என்பார்கள். ராணுவ ஆட்சிக்கு நடுவில் ஒரு பந்தாட்டக் கிளப் செய்ததை நாம் செய்யமுடியாதா?

அடுத்த செயற்குழுவில் யாருடன் கூட்டு, வசூலான பணம் எதற்குச் செலவு, மேடையில் யார் பேசுவது, மூன்றையும் ஓட்டுக்கு விடுங்கள். பசை வாளிக்காரனும் சோறு வடித்த அக்காவும் கை தூக்கட்டும். எண்ணிப் பார்ப்போம்.