இரண்டோடு நின்றுவிடும் கருணை

முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியின் ஐந்து தவணைகளை 2023-இல் மூன்றாக்கிய கையோடு, அதன் பழைய நிபந்தனைகளையும் தமிழக அரசு தூக்கி எறிந்திருக்க வேண்டும். செய்யவில்லை. தாய்க்கு 19 வயது நிரம்ப வேண்டும், முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டுமே பணம் என்ற விதி அப்படியே நிற்கிறது. கொல்லிமலையில், அதிலும் திண்ணனூர் நாடு போன்ற ஊராட்சிகளில், உதவி யாருக்கு மிக அவசியமோ அவர்களைத்தான் இது வெளியே தள்ளுகிறது.

கல்யாணத்துக்குச் சட்டம் கேட்பது 18 வயது. நிதியுதவிக்கு அது போதாதாம். இளவயதுக் கர்ப்பத்தையும் மூன்றாவது, நான்காவது பேற்றையும் ‘அபாயமிக்க கர்ப்பம்’ என்று பதிவேட்டில் குறித்து வைப்பது இதே சுகாதாரத் துறைதான். ஆபத்து அதிகம் என்று எழுதிவிட்டு, அதே காரணத்தால் பணத்தையும் மறுக்கும் வித்தையை வேறு எங்கே பார்க்க முடியும்?

மலைமேல் செம்மேட்டில் முடியாத சிகிச்சைக்குக் கீழே போக வேண்டுமென்றால் அடிவாரக் காரவள்ளி வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். 108 வண்டி இலவசம், சரி. துணைக்கு வந்தவரின் சாப்பாடு? அவர் விட்ட கூலி? வீட்டில் இருக்கும் இரண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள்? மூன்றாம் பேற்றுக்காரிக்குத்தானே வீட்டில் ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள்! வலி வரட்டும் பார்க்கலாம் என்று அவள் இருந்துவிட்டால் யாரைக் குறை சொல்வது?

பேற்றுக்குப் பிந்தைய தவணைகள் நான்காம் மாதமும் ஒன்பதாம் மாதமும் வருகின்றன. 14-ஆவது வாரப் பென்டாவேலன்ட் ஊசியும், பிறகு தட்டம்மை-ரூபெல்லா ஊசியும் போடும் காலம் அது. மூன்றாவது குழந்தையின் ஊசிக்கு அந்த ஊக்கம் கிடையாது. தட்டம்மை என்ன, எத்தனையாவது பிள்ளை என்று கேட்டுக்கொண்டா தொற்றுகிறது?

ஜனனி சுரக்ஷா திட்டத்தில் இதே நிபந்தனைகளை மத்திய அரசு 2013-இலேயே எடுத்துவிட்டது. ஆனால் அதில் நம் கிராமத்துத் தாய்க்குக் கிடைப்பது 700 ரூபாய். மாநிலத் திட்டத்திலோ ரொக்கம் மட்டும் 14,000. சில்லறைக்கு நிபந்தனை இல்லை, நோட்டுக்கு உண்டு.

மலையைத் தூரத்திலிருந்து ஆள்கிறவர்களின் பழைய கணக்கும் நினைவிருக்கிறது. கர்ப்பத்தைப் பதிந்து 12 இலக்க எண் வாங்கினால்தான் பிறப்புச் சான்றிதழ் என்று 2017 அக்டோபரில் கட்டாயமாக்கினார்கள். எண் வந்தால் எல்லாம் கண்காணிப்புக்குள் வந்துவிடும் என்ற நினைப்பு. ஆனால் 2019 ஏப்ரலில் ராசிபுரம் குழந்தை விற்பனை விவகாரம் வெடித்தது. விருப்ப ஓய்வு பெற்ற செவிலியரோடு, கொல்லிமலை ஆரம்ப சுகாதார நிலைய ஆம்புலன்ஸ் ஓட்டுநரும் கைதானார், வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. பிள்ளையைக் கைமாற்றிவிடும் அளவுக்கு வறுமை ஒரு வீட்டைத் துரத்துகிறது என்றால், எண் கேட்டா அதைத் தடுப்பது? அதற்குப் பிறகும் நிதியுதவி விதியைத் தளர்த்த ஒருவருக்கும் தோன்றவில்லை.

இரண்டு பேறு என்ற வரம்பு குடும்பக் கட்டுப்பாட்டுக்காக என்பார்கள். கருத்தடை வசதியை மலையின் கடைசி வீடுவரை கொண்டுபோவது அரசின் வேலை. அதில் விழும் ஓட்டைக்குத் தாயிடமும் பிறந்த குழந்தையிடமும் அபராதம் வசூலிப்பது என்ன நியாயம்?

மலைத் தாய்மார்களுக்கென்று தனி அளவுகோல் வேண்டும். எப்படி வகுப்பது என்பதை அரசு யோசிக்கட்டும். தவணைகளை மாற்ற முடிந்தவர்கள் இது மட்டும் முடியாது என்றால் நம்புவதற்கில்லை.