இயந்திரத்திற்குப் பாடம் சொல்வது யார்?

ஆள் எடுப்பதற்காக அமேசான் நிறுவனம் சோதனையாக உருவாக்கிய செயற்கை நுண்ணறிவு, 'பெண்கள்' என்ற சொல்லைக் கண்டாலே விண்ணப்பத்தைப் பின்னுக்குத் தள்ளியது 2018-ல் அம்பலமானது. பத்தாண்டுகளாக வந்த விண்ணப்பங்களில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. அது கற்ற பாடம் அவ்வளவுதான்.

பாடம் சொல்லும் இடத்திற்குப் பெண்கள் வர வேண்டாமா? கொல்கத்தாவின் மெட்டியாபுரூஸ் பகுதியில், ஐமெரிட் நிறுவனத்தில், படங்களைப் பார்த்து இது கார், இது மனிதன் என்று இயந்திரத்திற்குக் குறித்துக் கொடுக்கிறார்கள் நம் சமுதாயப் பெண்கள் பலர். (முதற்படி வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் சொந்த ஊரிலேயே சம்பளம்!)

அபிராமத்தில் பட்டம் பெற்ற பெண்பிள்ளைகள் எத்தனை பேரின் சான்றிதழ் பீரோவில் தூங்குகிறது? வெளியூர் அனுப்ப மாட்டோம் என்கிறோம். சரி, உள்ளூரில் என்ன செய்து கொடுத்தோம்? கல்யாண மஹாலுக்கு வசூல் செய்யத் தெரிந்த நாம், பத்துக் கணினிகளோடு ஓர் அறை திறக்க முடியாதா? அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் கேளுங்கள்; பெண்களையும் அழைத்துக் கேளுங்கள்.